இடப்பக்கம் மட்டும் திரும்பத் தெரிந்தவர்

போன மாதம் எனக்குப் பிரிவு விருந்து வைத்தார்கள். "சேகர் அண்ணே, ரெண்டு வார்த்தை பேசுங்க" என்று மைக்கை நீட்டினார்கள். "நன்றி, வணக்கம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் கவுண்டரில் இருக்கும் கவிதா ஒன்று கேட்டாள். "அண்ணே, புது சைக்கிள் எல்லாம் மோட்டார் வச்சது, ரெண்டு பக்கமும் கண்ணாடி இருக்கு. அதனால அந்தத் திரும்பிப் பாக்குற டெஸ்ட்ட எடுத்துட்டோம். அது எதுக்குண்ணே அவ்வளோ நாள் வச்சிருந்தீங்க?"

எனக்குப் பதில் தெரியும். ஆனால் பத்து முகம் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டது. எழுதித் தருகிறேன் என்றேன். நான் மூன்றாம் படிவம், அதாவது ஒன்பதாம் வகுப்பு வரை படித்தவன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கடை இந்தத் தீவின் ஜார்ஜ் டவுனில் சுற்றுப்பயணிகளைச் சைக்கிளில் கூட்டிப்போகும் கடை. முன்னால் ஒருவர் வழி காட்டிக்கொண்டு, ஒவ்வொரு இடமாக நிறுத்திக் கதை சொல்வார். எல்லாருக்கும் கடைசியில் ஒருவர் வருவார். விழுந்தவரைத் தூக்குவது, கழன்ற செயினை மாட்டுவது, படம் எடுக்க நின்றவரை இழுத்துக்கொண்டு வருவது எல்லாம் அவர் வேலை. அவருக்கு எங்கள் கடையில் 'வால்' என்று பெயர். பதினெட்டு வருடம் நான் வாலாக இருந்தேன். அதற்கு முன் அக்கரையில், ஜுருவில் ஒரு தொழிற்சாலையில் இருந்தேன். அது மூடியதும் இங்கே வந்தேன். பயிற்சி ஒரு வாரம். டியூப் மாற்றக் கற்றுக்கொண்டேன், பிரேக் இறுக்கக் கற்றுக்கொண்டேன், முடிந்தது.

என்னைப்போலக் கூச்சப்படுகிறவனுக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது. வாலுக்குப் பேச்சே வேண்டாம். கழுத்தில் ஒரு விசில். ஒரு முறை ஊதினால் எல்லாரும் வருகிறார்கள் என்று அர்த்தம். இரண்டு முறை ஊதினால் நில்லுங்கள். இந்த இரண்டே செய்தியில் பதினெட்டு வருடம் ஓட்டினேன்.

வாலுக்குத் தெரிவது எல்லாம் முதுகு. எத்தனையோ நாட்டு முதுகைப் பார்த்துவிட்டேன். யார் விழப்போகிறார் என்பது கிளம்பிய ஐந்தாவது நிமிடம் எனக்குத் தெரியும். முழங்கையை விறைப்பாக நீட்டிப் பிடித்தவருக்கு ரோட்டில் உள்ள ஒவ்வொரு பள்ளமும் தோள்வரை ஏறும். முழங்கை மடங்கியிருந்தால் பள்ளம் அங்கேயே செத்துவிடும். ஒருமுறை அரிசி மூட்டை மாதிரி ஒருவர் வந்தார். சீட் தாங்குமா என்று பயந்தோம். மனிதர் ஏதோ பாட்டை முனகிக்கொண்டு தண்ணீரில் போவதுபோலப் போனார். அதே வாரம் ஒரு யோகா ஆசிரியை வந்தார். முட்டி மடங்காமல் குனிந்து இரண்டு கையையும் தரையில் வைத்துக் காட்டினார். நாங்கள் கைதட்டினோம். அன்றைக்கு ஒரு சீனர் வீட்டுச் சாவு ஊர்வலத்துக்காக ரோட்டை அடைத்திருந்தார்கள். எல்லாரும் பக்கத்துச் சந்தில் திரும்பினோம். யோகா ஆசிரியை மட்டும், வரைபடத்தில் நேர் என்று போட்டிருக்கிறது என்று நேராகப் போனார். கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தபோது கையில் சிவப்பு நூலும் மிட்டாயும் இருந்தன. துக்கத்துக்கு வந்தவர் என்று நினைத்துக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். உடம்பு வளைந்தால் மட்டும் போதாது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

இப்போது சேவியர் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடையை நடத்தியவர், முன்னால் போகும் வழிகாட்டியும் அவரே. அதற்கு முன் பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியர். வெள்ளைத் தொப்பி, கையில் அட்டை, அட்டையில் பட்டியல். ஆளைச் சைக்கிள் பக்கத்தில் நிற்கவைத்து, சீட் இடுப்பெலும்புக்குச் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு முன் பிரேக், பின் பிரேக், மணி. ஒவ்வொன்றுக்கும் ஒரு டிக். மணி அடிக்க மறந்தவர் ஒருவர் இருந்தால் எல்லாரும் மறுபடி முதலிலிருந்து.

கடைசியில் அந்த டெஸ்ட். கடைக்குப் பின்னால் உள்ள சந்தில் இருபது தப்படி நீளத்துக்கு வெள்ளைக் கோடு போட்டிருந்தார். அந்தக் கோட்டின்மேல் ஓட்டிக்கொண்டு போக வேண்டும். நான் பின்னால் நின்று விரலைக் காட்டுவேன். பாதிக் கோட்டில் சார் "எத்தனை?" என்பார். தலையைத் திருப்பிப் பார்த்து, எண்ணிச் சொல்லிவிட்டு, கோட்டை விட்டு விலகாமல் போய்ச் சேர வேண்டும்.

சுலபம் மாதிரி இருக்கும். செய்து பாருங்கள். உடம்பு இறுகின ஆளுக்குத் தலை தனியாகத் திரும்பாது. தலையோடு தோள் போகும், தோளோடு கை போகும், கையோடு ஹேண்டில் போகும், ஆள் சாக்கடைக்குப் போவார். கழுத்தும் இடுப்பும் தளர்ந்திருந்தால்தான் கண் பின்னால் போனாலும் சைக்கிள் முன்னால் போகும். கவிதா, நீ கேட்டதற்கு இதுதான் பதில். கண்ணாடி பின்னால் வருகிற லாரியைக் காட்டும். உன் முழங்கை இறுகியிருப்பதைக் காட்டாது.

மூன்று முறை தோற்றவர், தண்ணீர்ப் போத்தல் ஏற்றிவரும் வேனில்தான் வர வேண்டும். அழுதாலும் கெஞ்சினாலும் சார் எங்கள் ஊர் 'லா' போட்டுச் சொல்வது ஒன்றுதான். "ரூல்னா ரூல்தான்லா."

ஒன்று மட்டும் நாங்கள் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சேவியர் சாருடைய சொந்தக் கழுத்து திரும்பாது. பக்கத்தில் நிற்பவரைப் பார்க்க வேண்டுமென்றால், அலமாரியை நகர்த்துவதுபோல மொத்த உடம்பையும் திருப்புவார்.

இனி தர்மலிங்கம் சார்.

ஒரு சனிக்கிழமை காலை. சேவியர் சார் விடுப்பு. நான் மட்டும் கடையில் செயினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன். அறுபதைத் தாண்டிய ஒருவர் வந்தார். முழுக்கைச் சட்டை, மடிப்புக் கலையாத பேண்ட், பாலிஷ் போட்ட சப்பாத்து. அரசாங்க அலுவலகத்தில் தலைமைக் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர் என்று பிறகு சொன்னார். உள்ளே வந்து நாலு பக்கமும் பார்த்தார்.

"தம்பி, ஒரு விஷயம். வெளிய போகக்கூடாது."

"சரிங்க சார்."

"நாளைக்கு ஏழு பேரு ஒரு குடும்பம் வருதுல்ல, தர்மலிங்கம்னு? அது நாந்தான். எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது."

நான் பதிவுப் படிவத்தை எடுத்துப் பார்த்தேன். "சார், உங்க பேருக்கு நேரா 'ரொம்ப அனுபவம்'னு எழுதியிருக்கே."

"எம் மகன் எழுதுனது. அவனச் சொல்லிக் குத்தமில்ல." நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். "பிள்ளைங்க ஸ்கூல் பஸ்ல போக மூஞ்சத் தூக்குனப்ப ஒரு நாள் சொன்னேன். நான் எஸ்டேட்லேர்ந்து சுங்கை பாக்காப் ஸ்கூலுக்கு எட்டு மைல் சைக்கிள் மிதிச்சேன்னு. அன்னைக்கோட விட்டிருக்கணும். விடல. அடுத்த வருஷம் மழை சேத்தேன். அப்புறம் வெள்ளம். பாம்பு ஒண்ணும் வந்துச்சு."

"பாம்பா சார்?"

"பெடல்ல சுத்திக்கிச்சுன்னு சொல்லிட்டேன்."

நான் செயினைப் பார்த்துக்கொண்டு சிரிப்பை அடக்கினேன்.

"இப்ப ரிட்டயர் ஆகிட்டேன்னு பிள்ளைங்க எல்லாம் சேந்து இந்த டூர் புக் பண்ணிட்டாங்க. அப்பா மறுபடியும் சைக்கிள் மிதிக்கணுமாம். பேத்தி படமே வரைஞ்சிருக்கா. ரப்பர் மரம், சைக்கிள், நான், பாம்பு."

"உண்மையச் சொல்லிடலாமே சார். வீட்டு ஆளுங்கதானே."

அவர் கைக்குட்டையை நாலாக மடித்தார். "சொல்லலாம். ஆனா எம் மகன் குமரன் படிப்ப பாதியில விட்டுட்டு வந்து நின்னான், தம்பி. பஸ் மாறி மாறிப் போக முடியல, வேணாம்னான். அன்னைக்கு ராத்திரி பூரா இந்தக் கதைய சொல்லித்தான் திருப்பி அனுப்புனேன். இன்னைக்கு அவன் எஞ்சினியர். அது பொய்யின்னு அவன்கிட்ட எந்த மூஞ்சிய வச்சு சொல்லுவேன்?"

ஸ்பேனரை எடுத்து ஒரு சைக்கிளின் பெடல் இரண்டையும் கழற்றினேன்.

எஸ்பிளனேட் திடலுக்குத் தள்ளிக்கொண்டு போனோம். சீட்டைத் தாழ்த்தி, காலால் தரையை உந்தி உந்திப் போகச் சொன்னேன். பெரியவர்களுக்குக் கற்றுக்கொடுக்க அதுதான் வழி. பிறகு பெடலை மாட்டினேன். மனிதர் ஏறி உட்கார்ந்தால் இரும்புக் கம்பி ஏறி உட்கார்ந்த மாதிரி. முழங்கை நீட்டியபடி, தாடை இறுகியபடி. கையைத் தளர்த்துங்கள் என்றால் இன்னும் இறுக்கினார். தளர்த்து என்று சொன்னால் யாருக்கும் தளராது.

அப்போதுதான் தோன்றியது. "சார், ஆபீஸ்ல டைப் அடிச்சிருக்கீங்களா?"

"முப்பது வருஷம்."

"அப்ப ஹேண்டில் மேல டைப் அடிங்க சார்."

"என்னன்னு?"

"எதாச்சும் லெட்டர்."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "டெங்கான் செகாலா ஹொர்மாட்ஞா" என்று ஆரம்பித்தார். அரசாங்கத்துக்கு எழுதும் மலாய்க் கடிதத்தில் வருகிற மரியாதை வரி. விரல்கள் ஹேண்டில்மேல் ஓடத் தொடங்கின. விரல் அசைந்ததும் மணிக்கட்டு இளகியது, முழங்கை தானாக மடங்கியது. ஒரு விடுப்புக் கடிதம் முழுவதும் டைப் அடித்துக்கொண்டே நாற்பது மீட்டர் நேராகப் போனார். நான் பின்னால் ஓடினேன்.

வெயில் ஏறும்போது நிலவரம் இது. நேராகப் போவார். இடப்பக்கம் திரும்புவார். வலப்பக்கம் திரும்பினால் விழுவார், ஒவ்வொரு முறையும். டைப்ரைட்டரில் ஒவ்வொரு வரி முடிந்ததும் கம்பியைத் தள்ளித் தள்ளி இடது தோள் பழகியிருந்தது என்று நினைக்கிறேன். வலது தோள் மரம்.

டெஸ்ட் பற்றிச் சொன்னதும் முகம் வெளுத்துவிட்டது. கழுத்தைத் திருப்புவது எல்லாம் ஒரு நாளில் ஆகாது. எனவே என் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு திருட்டு வேலை செய்தேன். "நான்தான் சார் விரல் காட்டுவேன். மூணு. நீங்க சும்மா மூணுன்னு சொல்லிட்டுப் போய்ட்டே இருங்க."

மறுநாள் ஞாயிறு. குடும்பம் வந்தது. தர்மலிங்கம் சாருடைய மனைவி சரோஜா அம்மா சேலை கட்டாமல் சுடிதார் போட்டு, யாரும் சொல்லாமலே சீட் உயரத்தைச் சரிபண்ணினார். டெஸ்டில் பறவை மாதிரி தலையைத் திருப்பி, "நாலு" என்று சொல்லிவிட்டுக் கோடு விலகாமல் போய்ச் சேர்ந்தார். மகன், மருமகள், மகள், மருமகன், பேத்தி எல்லாரும் தேறினார்கள்.

சேவியர் சார் அட்டையைப் பார்த்தார். "அடுத்து தர்மலிங்கம் சார். ரொம்ப அனுபவம்! சேகர், நீ அந்தப் பக்கம் போ. இவருக்கு நானே விரல் காட்டுறேன். ஒரு மரியாதைலா."

கோட்டின் மறுமுனையில் போய் நின்றேன். தர்மலிங்கம் சார் பாஸ்போர்ட் படத்து முகத்தோடு என்னை நோக்கி வந்தார். உதடு "ஹொர்மாட்ஞா, ஹொர்மாட்ஞா" என்று முணுமுணுத்தது. பாதிக் கோடு வரவில்லை, சேவியர் சார் வாய் திறக்கவில்லை.

"மூணு!" என்று தர்மலிங்கம் சார் கத்தினார்.

"சார், நான் இன்னும் காட்டவே இல்லையே" என்றார் சேவியர் சார்.

மறுபடி. இந்த முறை நான் சுதாரித்துக்கொண்டேன். சேவியர் சார் பின்னால் இரண்டு விரலைக் காட்டினார். எதிரில் நின்ற நான் வயிற்றுக்கு நேராக இரண்டு விரலை நீட்டினேன். தர்மலிங்கம் சார் அசையாத கழுத்தோடு, "ரெண்டு!" என்றார்.

"அப்பாவுக்கு முதுகுலயும் கண்ணுப்பா!" என்று குமரன் கைதட்டினார்.

சேவியர் சார் கைதட்டவில்லை. "நம்பர் சரி. தலை திரும்பல. எண்ணுறது பரீட்சை இல்ல, திரும்புறதுதான் பரீட்சை. ரூல்னா ரூல்தான்லா. இன்னும் ஒரு தடவைதான்."

சரோஜா அம்மா ஒரு அடி முன்னால் வந்தார். "ஏன் சார், காலைலேர்ந்து பாக்குறேன், நீங்க யாரப் பாத்தாலும் முழுசாவே திரும்புறீங்களே. எங்க, தலைய மட்டும் திருப்பிக் காட்டுங்க பாப்போம்."

சேவியர் சார் மொத்த உடம்போடு அவர் பக்கம் திரும்பினார். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அவர் தொப்பியைச் சரிசெய்து, அட்டையை என்னிடம் கொடுத்துவிட்டு, பக்கத்தில் இருந்த சைக்கிளில் ஏறினார். பாதிக் கோடு போனார். பேத்தி, "எத்தனை அங்கிள்?" என்று விரலைக் காட்டினாள். அவர் தலையைத் திருப்பினார். தோள் போனது, கை போனது, ஹேண்டில் போனது. சுவரோரம் வரிசையாக நிறுத்தியிருந்த பன்னிரண்டு சைக்கிளும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்தன. கடைசிச் சைக்கிளின் மணி தானாக ஒருமுறை அடித்தது.

இத்தனை வருடம் ஊரார் எல்லாருக்கும் வைத்த டெஸ்ட்டை அவர் ஒரு நாளும் செய்து பார்த்ததில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. நல்ல மனிதர். மறுவாரத்திலிருந்து தினமும் காலையில் முதல் ஆளாக அவரே டெஸ்ட் எடுத்துக்கொண்டார். தேற நாலு மாதம் ஆனது. ஆனால் அன்றைக்கு மணிக்கட்டு வீங்கிவிட்டது. "டூர் கேன்சல்" என்றார்.

"நான் கூட்டிட்டுப் போறேன் சார்."

யார் பேசியது என்று நானே தேடினேன்.

"நீயா? பேசுவியா? அப்ப வாலுக்கு யாரு?"

"தர்மலிங்கம் சார். ரொம்ப அனுபவம்னு எழுதியிருக்கு."

"டெஸ்ட்?"

"டெஸ்ட்ல நீங்கதான் விழுந்தீங்க, அவரு விழல" என்றார் சரோஜா அம்மா. சேவியர் சார் ஐஸ் கட்டியை மணிக்கட்டில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார்.

நான் விசிலைக் கழற்றித் தர்மலிங்கம் சார் கழுத்தில் மாட்டினேன். காதோடு சொன்னேன். "வால யாரும் பாக்க மாட்டாங்க சார். தள்ளிட்டு வாங்க, உந்திட்டு வாங்க, உங்க இஷ்டம். அப்பப்ப ஊதுங்க. நான் இடப்பக்கம் மட்டுந்தான் திரும்புவேன்."

இடப்பக்கம் மட்டும் திரும்பினால் எங்கே போக முடியும்? புறப்பட்ட இடத்துக்குத்தான். மார்க்கெட் ஸ்ட்ரீட், குயின் ஸ்ட்ரீட் என்று லிட்டில் இந்தியாவையே சுற்றினேன். முதல் சுற்றில் துணிக்கடையைக் காட்டி, "இது துணிக்கடை" என்றேன். இரண்டாம் சுற்றில் அதே கடையைக் காட்டி, "இங்க சேலையும் கிடைக்கும்" என்றேன். பின்னால் அவ்வப்போது ஒரு விசில் கேட்டது. சில நேரம் விசிலுக்கு முன் தகரம் விழும் சத்தமும் கேட்டது. யாரும் திரும்பவில்லை.

மூன்றாம் முறை கோயில் கோபுரத்தைக் கடந்தபோது சரோஜா அம்மா என் பக்கத்தில் வந்துவிட்டார். "தம்பி, கோயில எதிர்ப்பக்கமா சுத்திக்கிட்டு இருக்கோம்! மூணு சுத்து! வலமால்ல வரணும்? ரைட்ல திருப்புங்க."

வலப்பக்கம் திருப்பினால் தர்மலிங்கம் சார் நடுரோட்டில் விழுவார். திருப்பாவிட்டால் இந்த அம்மா விடமாட்டார். எனக்குப் படிப்பு இல்லை, பேச்சு இல்லை. ஆனால் ரோடு அடைத்திருந்தால் சந்தில் திரும்பத் தெரியும்.

"அம்மா, சாமியச் சைக்கிள்ல சுத்தலாமா? எல்லாரும் இறங்குவோம். சப்பாத்தக் கழட்டிட்டு உள்ள போய், முறையா மூணு சுத்து வந்து கணக்கச் சரிபண்ணிடுவோம்."

"அதான் சரி" என்றார்.

தர்மலிங்கம் சார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தபோது எல்லாரும் ஏற்கெனவே இறங்கி நின்றார்கள். வலமாக நடந்து சுற்றும்போது அவர்தான் எல்லாருக்கும் முன்னால் போனார்.

பிறகு ஒரே ஒரு இடத் திருப்பத்தில் கடை வந்தது. நாங்கள் சைக்கிளை நிறுத்தித் தண்ணீர் குடித்தோம். ஐந்து நிமிடம் கழித்துச் சந்தின் முனையில் அவர் தெரிந்தார். தள்ளவில்லை, உந்தவில்லை. மிதித்துக்கொண்டு வந்தார். பேண்ட் முட்டியில் கிழிசல், வெள்ளைச் சட்டையில் செயின் எண்ணெய், விரல்கள் டைப் அடித்தபடி. பிரேக் பிடித்துத் தானாகவே நின்றார். குடும்பம் கைதட்டியது.

"பாத்தியா, எங்கப்பா எட்டு மைல் மிதிச்சவரு" என்று குமரன் தன் மகளிடம் சொன்னார்.

தர்மலிங்கம் சார் இறங்கவில்லை. ஹேண்டிலைப் பிடித்தபடியே சொன்னார். "குமரா, நான் சைக்கிள் கத்துக்கிட்டது நேத்துதான். இந்தத் தம்பிதான் கத்துக் குடுத்தாரு. ஸ்கூலுக்குப் போனது நெசம். ஆனா மிதிச்சது எங்கூடப் படிச்ச மாணிக்கம். நான் பின்னாடி கேரியர்ல உக்காந்து போனேன். ஆறு வருஷம்."

குமரன் சிரிக்கவில்லை. "அப்ப அன்னைக்கு ராத்திரி எங்கிட்ட சொன்னது?"

"பாதி நெசம்."

"பாம்பு?"

"பாம்பு இல்ல."

குமரன் தண்ணீர்ப் போத்தலைக் கீழே வைத்தார். எனக்கு அங்கிருந்து ஓடிவிடலாம் போல இருந்தது. "மாணிக்கம் மாமான்னா, ஜுருல கார் வொர்க்‌ஷாப் வச்சிருக்காரே, அவரா?" என்று கேட்டுக்கொண்டே கைப்பேசியை எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டார். பின்னால் ஏதோ எஞ்சின் உறுமும் சத்தத்தோடு ஒரு குரல் வந்தது.

"மாமா, குமரன் பேசறேன். சின்ன வயசுல எங்கப்பாவ சைக்கிள் பின்னாடி வச்சு ஸ்கூலுக்கு எட்டு மைல் மிதிச்சது நீங்களா?"

"எட்டு மைலா? எவன் சொன்னான்? மூணு மைல்லா!"

எல்லார் முகமும் தர்மலிங்கம் சார் பக்கம் திரும்பின. அவர் நேராகச் சுவரைப் பார்த்தார்.

"ஆனா ஒண்ணு சொல்றேன் குமரா" என்றது அந்தக் குரல். "ஒரு நாள் உங்கப்பன பின்னாடி வச்சு நீ மிதிச்சுப் பாரு. மனுசன் வளையவே மாட்டான், நான் லெஃப்ட்ல சாஞ்சா அவன் ரைட்ல நிப்பான். எட்டு மைல்னு சொன்னானா? குறைச்சுச் சொல்லியிருக்கான்!"

முதலில் சிரித்தது குமரன்தான்.